அன்னைக்கும் ஓர் இலை

"எல்லாரும் மொதல்ல சாப்பிடுங்க சாமி. நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

அன்னையர் வாய்மொழிகளில் இதனினும் இனியது ஒன்றில்லை என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். பாசம் என்றோம், பண்பு என்றோம். தாய்மையின் தனிச்சிறப்பு என்று தலைப்புக் கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டுரையும் எழுதச் சொன்னோம்! அந்த 'அப்புறம்' எத்தனை மணிக்கு வருகிறது, வரும் வேளையில் சட்டியில் மிச்சமிருப்பது என்ன என்பதை மட்டும் நாம் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்த இரவு ஒன்றுண்டு. அதைச் சொல்லத்தான் இன்று எழுதுகோலை எடுத்தோம்.

2024ஆம் ஆண்டு, தைத் திங்கள் இரண்டாம் நாள். எங்கள் மடத்துக்குளம் வட்டாரத்தில் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்பர். அமராவதித் தண்ணீர் பாயும் ஊர்களுக்கு அது பெருநாள். மாலையில் பட்டியில் பொங்கல் வைத்து, ஆண்டெல்லாம் உழைத்த மாடுகளுக்கு ஊட்டி மகிழ்ந்து, இருட்டிய பின் உற்றாரும் உறவினரும் வீட்டில் கூடி இரவு உணவு கொள்வது வழக்கம். அன்று நம் வீட்டு முற்றத்தில் விரிந்த இலைகள் பதினேழு. இலையில் விழுந்த வகைகள் பதினொன்று. அத்தனையும் ஆக்கிய கைகள் இரண்டே இரண்டு! அண்ணியாரின் மடியில் காய்ச்சல் கண்ட குழந்தை கிடந்தது. மற்றப்படி வீட்டில் இருந்த வளர்ந்த ஆண்கள் ஐவருக்கும் கைகள் இருந்தன. அவை சீட்டுக்கட்டைப் பிடித்திருந்தன. நம்முடையது உட்பட.

விடியுமுன் நான்கு மணிக்கு அடுப்பின் முன் நின்றவர் அன்னை. மாலை ஏழு மணிக்கு, வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த வேளையில், எரிவாயு உருளை தீர்ந்தது. மாற்று உருளை இல்லை. பொங்கல் வைக்க நல்ல நேரம் எதுவென்று அத்தை பஞ்சாங்கத்தை மூன்று முறை புரட்டியிருந்தார். உருளையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒருவரும் ஒரு முறையேனும் அசைத்துப் பார்க்கவில்லை! காய்ந்த எண்ணெய்ச் சட்டியைப் புழக்கடை விறகடுப்புக்குக் கொண்டுசென்ற அவசரத்தில், அன்னையின் வலது மணிக்கட்டில் எண்ணெய் சிந்திவிட்டது. முந்தானையால் மூடிக்கொண்டு வடையைச் சுட்டார், பரிமாறவும் செய்தார். பந்தியில் இருந்த ஒருவரும் அறிந்திலர்.

பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் நுழைந்தோம். சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார் அன்னை. தட்டில் அடிச்சோறும் ஆறிப்போன இரசமும். இடக்கையால் உண்டுகொண்டிருந்தார். வலக்கை மடியில் கிடந்தது.

"ஏம்மா, பீச்சாங்கையில சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. லேசாச் சுட்டுடுச்சு. நீ போய்ப் படு."

தோழர்களே! அன்று காலையில்தான் வாசகர் வட்டத்தில் பெண்ணுரிமை குறித்து ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வந்திருந்தோம். 'அடுக்களை எனும் அடிமைச் சிறை' என்று அடுக்குமொழி பேசினோம், கையொலி பெற்றோம், களைப்புத் தீரத் தேநீரும் பெற்றோம். அந்தச் சிறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உலவுவோரில் நாமும் ஒருவர் என்பது இரவு பத்தரை மணிக்கல்லவா விளங்கிற்று!

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019இல் ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அப்படி ஈடுபடுகிற ஆண்கள்தாம் எத்தனை பேர்? நூற்றுக்கு 26 பேர்; பெண்களோ நூற்றுக்கு 81 பேர். இவை அன்றாடத்தின் கணக்கு. பண்டிகை என்று நாம் பெயரிட்டு மகிழும் நாட்களில் அந்த 299 எவ்வளவாகப் பெருகும் என்று அவரவர் வீட்டுக் கடிகாரத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

"சமையல் பெண்களுக்கு இயல்பாக வருவது, ஆணுக்கு வருமா?" என்பார் உண்டு. எங்கள் ஊர்ச் சாலையில் தைப்பூசத்தையொட்டி வந்து நின்று பாருங்கள். பழநிக்கு நடந்து செல்வோர் சாரிசாரியாகப் போவர். அவர்களுக்கென்று வழியெங்கும் பந்தலிட்டுச் சோறு போடுவர். ஆளுயரத் துடுப்புப் பிடித்து அண்டாவைக் கிளறுவோர் ஆண்கள்! திருமண வீட்டுச் சமையற்காரரும் ஆண்தான், ஓட்டலில் அடுப்படி 'மாஸ்டர்' என்று அழைக்கப்படுபவரும் ஆண்தான். கூலியும் பெயரும் கிடைக்குமிடத்தில் ஆணுக்கு இயல்பாக வருகிற கரண்டி, வீட்டு வாயிலைத் தாண்டியதும் கைக்கு அன்னியமாகிவிடும் விந்தையை எந்த இயற்கை நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

அந்த ஆண்டு முழுவதும் அன்னையின் மணிக்கட்டு வடுவைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்திற்று. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டனர். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அன்னையின் எதிரே அமர்ந்தோம்.

"பட்டிப் பொங்கல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னென்ன வேலைம்மா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சிரித்தார். "இதென்ன பரீட்சையா? என்ன பெரிய வேலை, பத்து வேலை இருக்கும்."

எழுதத் தொடங்கினோம். மல்லியும் மிளகாயும் வறுத்து மாவு மில்லுக்குக் கொண்டுபோவது ஒன்று. பூசணிக்காய் வாங்குவது ஒன்று. அதை வெட்டுவது வேறொன்று, வெட்டுவதற்கு அரிவாள்மனையைச் சாணை பிடிப்பது மற்றொன்று. மொச்சை உரிப்பது. புளி ஊறப்போடுவது. பித்தளைப் போசியைப் பரணிலிருந்து இறக்குவது, துலக்குவது, திரும்பப் பரணில் ஏற்றுவது. வாழையிலைக்குத் தோட்டத்தில் சொல்லி வைப்பது. சின்ன மாமாவுக்குச் சர்க்கரை நோய், அவருக்கு இனிப்பில்லாமல் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைப்பது. பாட்டிக்குக் கடிக்க இயலாது, வடையைக் குழம்பில் ஊறவைப்பது. எழுதி முடித்து எண்ணினோம். அறுபத்தொன்று!

அன்னையே திகைத்துவிட்டார். முப்பதாண்டுகளாகச் செய்து வருபவர், அன்றுதான் தம் வேலையைத் தாமே முதன்முறையாகப் பார்த்தார்.

அந்தப் பட்டியலை நோக்க நோக்க ஓர் உண்மை புலப்பட்டது. இக்கட்டுரையில் பிறவற்றை மறந்தாலும் இதை மறவற்க என்று தோழர்களை வேண்டுவோம். அறுபத்தொரு வேலைகளிலும் கடினமானது அறுபத்திரண்டாவது. அறுபத்தொன்றையும் நினைவில் வைத்திருப்பது! எது முன், எது பின், எது குறைகிறது, எவருக்கு எது ஆகாது என்று மூன்று வாரம் ஓயாமல் மனத்தில் சுமப்பது. நாம் நல்லெண்ணத்தோடு அடுக்களை வாயிலில் தலையை நீட்டி, "ஏதாச்சும் செய்யணுமாம்மா?" என்று கேட்கிறோமே, அப்போது இறங்குவது ஒரு வேலை, ஏறுவது இன்னொரு வேலை. நமக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுப்பதும் அவர் தலையில்தானே விழுகிறது! 'உதவி' என்ற சொல்லே நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. எவருடைய வேலைக்கு எவர் உதவி? உண்ணும் வாய் பதினேழு.

தந்தையாரிடம் பேசினோம். அவர் கரும்பும் நெல்லும் பயிரிட்டவர். கிருஷ்ணாபுரத்து அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய காலத்தில், பதிவு எந்நாள், வெட்டு உத்தரவு எந்நாள், வண்டி எந்நாள், ஆள் எத்தனை என்று மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிட்டவர். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிறதென்றால் நள்ளிரவு இரண்டு மணியானாலும் மண்வெட்டியோடு எழுந்து போவார். எவரும் எழுப்ப வேண்டியதில்லை. "தண்ணீ முறைய மத்தவங்க ஞாபகப்படுத்தினா அது வெள்ளாமையாங்கப்பா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். "சரி, எம்பேருக்கு என்ன எழுதியிருக்கே?" என்றார். அவ்வளவுதான், வாதம் முடிந்தது.

ஆயின், வேலையைப் பங்கிடும் வகை நமக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் அண்ணியார். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறுபவர். "எங்க கம்பெனியில ஆர்டர் வந்தா மொதல்ல கப்பலேத்தற தேதியத்தான் எழுதுவாங்க. அங்கிருந்து பின்னாடி எண்ணணும். பேக்கிங்குக்கு இத்தனை நாள், அயனுக்கு இத்தனை, தையலுக்கு இத்தனை, துணி சாயத்துக்குப் போக வேண்டிய நாள் இது. முன்னாடியிருந்து எண்ணினா ஒரு நாளும் சரக்குப் போய்ச் சேராது" என்றார். கல்லூரியில் மூன்றாண்டு வரலாறு படித்துப் பட்டம் பெற்ற நமக்கு இது தோன்றவில்லை! உலகின் பல நாட்டார் உடுத்தும் ஆடைகள் இந்தக் கணக்கில்தானே எங்கள் மாவட்டத்திலிருந்து கப்பலேறுகின்றன. அந்தக் கணக்கு ஒரு சாப்பாட்டுக்கு உதவாதா?

இரவு எட்டு மணிக்கு இலை போடுவது என்று முதலில் எழுதினோம். பின்னோக்கி எண்ணினோம். அப்போதுதான் சென்ற ஆண்டின் நெருக்கடிக்கான காரணம் தெளிவாயிற்று. குறை அன்னையின் கைவேகத்தில் இல்லை. அடுப்பில் எரிமுகங்கள் இரண்டு. எட்டு மணிக்குச் சூடாக இருக்க வேண்டிய பண்டங்களோ ஒன்பது. எந்த மந்திரம் செபித்தால் இரண்டு ஒன்பதாகும்? ஆகவே பண்டங்களைக் குறைக்க வேண்டும். அல்லது சில பண்டங்களை எட்டு மணியிலிருந்து விடுவிக்க வேண்டும்.

குறைக்கப் புகுந்ததும் மூண்டது போர்! சந்தகையை நீக்கினோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை, பிழிவோர் கைவலி அறிந்தவர்களாதலால். பாயசத்தை நீக்கினோம், சர்க்கரைப் பொங்கல் இருக்க அது எதற்கென்று. ஒப்புட்டில் கைவைத்தோம். அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

"ஒப்புட்டு இல்லாம ஒரு நோம்பியா? எங்கய்யன் காலத்திலிருந்து நடக்குது!"

"நடக்கட்டுங்கத்தை. யார் தட்டறது?"

அத்தை அன்னையைப் பார்த்தார். அன்னை தம் மணிக்கட்டைப் பார்த்தார். அந்த அமைதியில் அத்தையே சொன்னார்: "நானே எங்கூட்டில முந்தின நாளு தட்டி எடுத்தாறேன். ரெண்டு நாளைக்குக் கெடாது." மரபு ஓர் வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நடந்து போயிற்று, மாண்டுவிடவில்லை. சின்ன மாமா வீட்டார் தயிரும் ஊறுகாயும் தம் பொறுப்பு என்றனர். எஞ்சியவை ஆறு: சோறு, பொங்கல் கூட்டுக் குழம்பு, இரசம், அவரைப் பொரியல், வடை, சர்க்கரைப் பொங்கல். கடைசியது பட்டியிலேயே தந்தையார் கையால் பொங்கிவிடும்.

அண்ணன் ஒரு வழி சொன்னார். "எதுக்கு இத்தனை பாடு? உடுமலையில ஓட்டல்ல சொல்லிட்டா கொண்டாந்து குடுத்துருவான்." தவறில்லை, இயன்றவர் செய்யட்டும். ஆயினும் ஐஸ்லாந்து நாட்டு ஆடவர் நினைவுக்கு வந்தனர். 1975 அக்டோபர் 24 அன்று, அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலகத்திலும் வீட்டிலும் ஒருசேர வேலையை நிறுத்தினர். குழந்தைகளைத் தந்தையர் அலுவலகத்துக்கு இழுத்துச் சென்றனர். எளிதில் சமைக்கக்கூடிய இறைச்சிக் குழல்கள் கடைகளில் விற்றுத் தீர்ந்தன! ஒருநாள் பசி கடையில் தீர்ந்தது, கேள்வி தீர்ந்ததா? மறு ஆண்டு அந்நாடு ஆண் பெண் சமத்துவச் சட்டம் இயற்றியது. 1980இல் விக்டிஸ் என்னும் பெண்மணியைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மக்கள் நேரடி வாக்கால் அப்பதவி ஏறிய உலகின் முதற்பெண் அவரே. அண்ணனிடம் இதைச் சொன்னோம். "சரிடா வாத்தியாரே, நான் ரசம் வைக்கறேன், நிறுத்து" என்றார்.

அடுத்தது முன்னேற்பாடு. மார்கழி பாதியிலேயே மாற்று உருளைக்குப் பதிவு செய்தோம். அது பட்டியலில் முதல் வேலை, நம் பெயரில். மிளகாய்ப் பொடியும் மல்லிப் பொடியும் அந்த வாரமே அரைத்து வந்தன. முறுக்கு, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே தகர டப்பாவில் அடைந்தது. பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெங்காயம், பருப்பு, வெல்லம் ஆகியவை கெடாதவை. விலை ஏறுமுன் வாங்கிவிட்டோம். நியாயவிலைக் கடையில் 2025 பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு வழங்கினர். வரிசையில் நின்றவர் தந்தையார். அவரைக்காய் மட்டும் அன்றன்று பறித்ததாக இருந்தால்தான் சுவை. அண்ணன் விடியற்காலையில் உடுமலை உழவர் சந்தைக்குப் போவதென முடிவாயிற்று.

ஆர்வக்கோளாறில் தேங்காயையும் முதல்நாளே அரைத்து வைத்துவிடலாம் என்றோம். "புளிச்சுப் போயிரும் கண்ணு" என்று அன்னை தடுத்தார். சோற்றையும் மாலையிலேயே வடித்து மூடிவிடலாமே என்ற அண்ணனை நாம் தடுத்தோம். கொதிக்கும் வெப்பத்திலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். ஆகவே சோறு கடைசியில் வேகட்டும். மிஞ்சியது உடனே குளிர்பெட்டிக்குப் போகட்டும் என்று எழுதினோம்.

மேலைநாட்டிலும் அடுக்களையைத் திட்டமிட்டு ஆராய்ந்தோர் உண்டு. மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், 1926இல் செர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென ஓர் அடுக்களை வகுத்தார். நிறுத்துக் கடிகாரம் வைத்து ஒவ்வோர் அசைவையும் அளந்து, வீண் நடை குறையுமாறு அலமாரிகளை அமைத்தார். பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. அரிய பணி. ஆனால் அந்த அடுக்களையின் அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஒருவர் நிற்கலாம், இருவர் நின்றால் இடிக்கும்! நடை குறைந்தது, நிற்பவர் மாறவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையும் குறுகலானதே. எனவே நறுக்குவது, உரிப்பது, அரைப்பது மூன்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே என்ற எல்லை தானே அழிந்தது.

பள்ளியில் பாடவேளை அட்டவணை எழுதுவதுபோல் ஒரு பெரிய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினோம். வேலைக்கு நேராக ஒரே ஒரு பெயர். அன்னையின் பெயருக்கு நேராக நான்கே வேலைகள். கூட்டுக் குழம்பு அவற்றில் ஒன்று, அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு விதியும் எழுதினோம்: 'அடுத்தது என்ன என்று அம்மாவைக் கேட்கலாகாது; சுவரைக் கேட்க.'

நாள் வந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். அண்ணன் வைத்த இரசம் முதலில் சாம்பாரென ஐயுறும்படி இருந்தது. தந்தையார் பட்டியில் கிளறிய பொங்கல் சற்றே அடிப்பிடித்தது. அன்னையால் இருக்கை கொள்ள முடியவில்லை. இருமுறை எழுந்து அடுப்பை நோக்கி வந்தார், இருமுறையும் அத்தையே முந்தானையைப் பற்றி இழுத்து அமர்த்தினார். "ஆம்பளைங்க அடுப்படியில நின்னா ஊரு சிரிக்கும்" என்று அன்னை முணுமுணுத்ததும் உண்மை. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்ததும் உண்மை. சிரித்தனரா என்றால், சிரித்தனர். சிரித்தவருள் ஒரு பெண்மணி அட்டவணைத் தாளை நெடுநேரம் படித்துவிட்டு, "இத எம்மவனுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்றார்.

பெரும்பிழை செய்தவர் எவரென்று நினைக்கிறீர்கள்? அட்டவணையின் ஆசிரியரேதான்! வடைக்குக் கடலைப்பருப்பை நான்கு மணிக்கு ஊறப்போடுவது நம் பெயரில் இருந்தது. பட்டியில் கரும்பு நட்டு, கயிறு கட்டி, கூடியிருந்த இளைஞரிடம் உழைப்பின் உயர்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் மறந்தே போனோம். ஆறரை மணிக்கு நினைவு வந்து ஓடினோம். எட்டு மணிக்கு இலை விழுந்தது, வடை விழவில்லை. ஏச்சுக்கு அஞ்சி அடுப்படியிலேயே நின்று, எண்ணெயில் கண்ணாக, வடை தட்டக் கற்றுக்கொண்டிருந்தோம். அண்ணியார் பந்தியிலிருந்தே, "நடுவுல ஓட்டை போடாதீங்க கொழுந்தனாரே, அது உளுந்து வடைக்கு" என்று பாடம் நடத்தினார்.

எட்டேகால் மணிக்கு முதல் ஈட்டு வடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். முதல் பந்தியில் பதினேழு இலை. மூன்றாவது இலையில் அன்னை. வலக்கையால் உண்டுகொண்டிருந்தார். சோறு ஆவி பறந்தது.

"ரசத்துல உப்புத் தூக்கல்" என்றார், அண்ணனைப் பார்த்து. பிறகு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

அந்தத் தாளை நாம் இன்னும் கிழிக்கவில்லை. அறுபத்தொன்றுக்குக் கீழே, தந்தையார் தம் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'அடுத்த வருசம் பருப்பு நான் ஊறப்போடுவேன். வாத்தியார் வேண்டாம்.'